சீவச் சீவ வளர்ந்த பென்சில்

முத்தந்துறைக்காரர்களிடம் அந்தப் பென்சில் எவ்வளவு நீளம் இருந்தது என்று கேட்டால் ஆளுக்கு ஓர் அளவு சொல்வார்கள். வள்ளக்காரர்கள் கடலாழம் அளக்கும் பாகக் கணக்கில் சொல்வார்கள், மீன்காரப் பெண்கள் எத்தனை வீட்டைத் தாண்டியது என்று சொல்வார்கள், பங்குச் சாமியார் இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டு அதற்கு மேல் காட்டக் கையில்லை என்பார். ஆனால் அது வளர ஆரம்பித்தது ஜூலை மாதத்து ஒரு திங்கட்கிழமை காலை ஏழேகால் மணிக்கு, கிளாடிஸ் வீட்டுப் பின்வாசற்படியில், அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தபோது என்பதில் மட்டும் ஊருக்குள் ரெண்டு பேச்சு கிடையாது.

கிளாடிஸுக்கு இருபத்தெட்டு வயது. புருஷன் அருள்சீலன் ஐஸ் வண்டி ஓட்டுகிறான், விடியும் முன்னே துறைமுகத்துக்குப் போய்விடுவான். ஒரே மகள் மெர்லின், கான்வென்டில் நாலாம் வகுப்பு. கிளாடிஸுக்குக் கேஸ் சிலிண்டர் பயம், நெத்திலி முள் பயம், மகள் இருமினால் பயம், இருமாமல் ரொம்ப நேரம் தூங்கினாலும் பயம், இந்தப் பயங்களை எல்லாம் ஒரு தட்டில் வைத்து மறுதட்டில் பெர்னதெத் மிஸ்ஸை வைத்தால் மிஸ் இருக்கும் தட்டுதான் தரையைத் தொடும்.

ஏனென்றால் கிளாடிஸும் அதே கான்வென்டில் அதே நாலாம் வகுப்பில் அதே பெர்னதெத் மிஸ்ஸிடம் படித்தவள். அந்தக் காலத்தில் காலை ஜெபம் முடிந்ததும் மிஸ் வரிசை வரிசையாக வருவார், ஒவ்வொருத்தியின் பென்சிலையும் வாங்கித் தன் இடது மணிக்கட்டின் உள்பக்கத்தில் குத்திப் பார்ப்பார், ஊசிபோலக் குத்தினால் "உட்கார்", குத்தாவிட்டால் "கையை மடக்கு", மடக்கிய விரல் முட்டியில் மரஸ்கேலின் ஓரத்தால் ஒன்று. வாங்கிய அடிகள் கிளாடிஸுக்கு மறந்துவிட்டன. பென்சில் முனையை மணிக்கட்டில் வைத்துவிட்டு, குத்துகிறதா இல்லையா என்று பார்க்க மிஸ் கண்ணை மூடிக்கொள்வாரே, அந்த ஒரு நொடிதான் மறக்கவில்லை.

ஆகவே மெர்லின் நாலாம் வகுப்புக்குப் போன நாள் முதல் பென்சில் சீவும் வேலையைக் கிளாடிஸ் தன் கையில் எடுத்துக்கொண்டாள். முதலில் ஷார்ப்னர், பிறகு பாதி பிளேடு, கடைசியில் உப்புத்தாளில் நாலு உரசு, பிறகு தன் மணிக்கட்டில் ஒரு குத்து. குத்தினால்தான் டப்பாவுக்குள் போகும்.

"மிஸ் அதெல்லாம் பார்க்கவே மாட்டாங்கம்மா" என்று மெர்லின் சொல்வாள்.

"இன்னைக்குப் பார்த்திருக்க மாட்டாங்க. நாளைக்குப் பார்ப்பாங்க."

"நானே சீவுதேன், தாங்க."

"நீ சீவினா முனை ஒடியும். ஒடிஞ்சா யாரு அடி வாங்குறது?"

"நான்தானே வாங்கப் போறேன், நீங்க ஏன் அழுதிய?"

அழவில்லை, வெங்காயம் என்பாள் கிளாடிஸ். இட்லிக்கு எதற்கு வெங்காயம் என்று மெர்லின் கேட்பதற்குள் ஆட்டோ வந்து ஹாரன் அடிக்கும்.

அந்தத் திங்கட்கிழமை அவள் சீவி முடித்தபோது பென்சில் ஒரு அரிசி நீளம் கூடியிருந்தது. செவ்வாய்க்கிழமை இன்னொரு அரிசி. வெள்ளிக்கிழமை டப்பா மூடவில்லை. கிளாடிஸ் டப்பாதான் வெயிலில் சுருங்கிவிட்டது என்று நினைத்து வேறு டப்பா வாங்கினாள். மாதா விண்ணேற்புத் திருநாளுக்குப் பென்சில் முழங்கை நீளம். செப்டம்பரில் குடை நீளம். அதற்குப் பிறகு அது அரிசிக் கணக்கை விட்டுவிட்டுச் சாண் கணக்குக்குப் போனது, காலையில் எவ்வளவு பயந்து எவ்வளவு கூராகச் சீவுகிறாளோ அவ்வளவு தூரம் வால்பக்கம் ஓடியது. தடிமன் மட்டும் கூடவில்லை, கனமும் கூடவில்லை, முருங்கைக்காயைத் தூக்குவதுபோல ஒன்பது வயதுப் பிள்ளை ஒரு கையால் தூக்கியது.

வேறு பென்சில் கொடுத்துவிட வேண்டியதுதானே என்றால், அங்கேதான் சிக்கல். பெர்னதெத் மிஸ்ஸின் வகுப்பில் ஜூன் மாதம் முதல் நாள் ஒவ்வொருத்திக்கும் மிஸ் தன் கையால் ஒரு பென்சில் கொடுப்பார். அதன் வால்பக்கத்தில் பெயிண்டைச் சுரண்டி, வெள்ளையாகத் தெரியும் மரத்தில் அவள் பெயரை மிஸ்ஸே மையால் எழுதியிருப்பார். வகுப்பில் அதில்தான் எழுத வேண்டும். எழுதி எழுதிச் சீவிச் சீவி, கடைசியில் அந்தப் பெயர் மட்டும் மிஞ்சும்போது, துண்டைக் கொண்டுபோய் மேசை மேல் இருக்கும் பால்பவுடர் டப்பாவுக்குள் போட வேண்டும். டங் என்று சத்தம் கேட்டதும் மிஸ் டிராயரைத் திறந்து ஒரு மைப்பேனாவை எடுத்துக் கொடுப்பார், நாற்பது பேரும் கைதட்டுவார்கள், அவள் பென்சில் வரிசையிலிருந்து பேனா வரிசைக்கு மாறி உட்காருவாள். ஒடித்த பென்சில் கணக்கில் சேராது, ஒடித்தவளுக்குப் புதுப் பென்சில், முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவசரத்தில் பாதியைக் கடித்துத் தின்ற ஒருத்தியைப் பற்றிய கதை ஒவ்வொரு வருஷமும் சொல்லப்பட்டது. முழுப் பரீட்சையைப் பேனாவில்தான் எழுத வேண்டும், பென்சிலில் எழுதிய தாளை மிஸ் திருத்துவதில்லை, திருத்தாத தாளுக்கு மார்க் இல்லை, மார்க் இல்லாதவள் மறுபடியும் நாலாம் வகுப்பு, மறுபடியும் பெர்னதெத் மிஸ்.

மெர்லின் என்ற பெயரோ மெர்லினை விட்டு நாளுக்கு நாள் தூரம் போய்க்கொண்டிருந்தது.

ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆட்டோக்காரர் மரியசூசை, கம்பி ஏற்றிய லாரிக்குக் கட்டுவதுபோல வால்நுனியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினார். தீபாவளி லீவுக்குப் பிறகு ஆட்டோ வளைவுகளில் திரும்ப முடியாமல் போனதால் மெர்லின் முனையைப் பிடித்துக்கொண்டு நடந்தே போனாள், அதே நேரத்துக்குச் சந்தைக்குப் போகும் மீன்காரப் பெண்கள் நடுவில் அங்கங்கே தோள் கொடுத்தார்கள், அவர்களில் கடைசியாக வந்த சலேத்தம்மாள் வாலைப் பிடித்துக்கொண்டாள். தலையில் மீன்சட்டியும் தோளில் பென்சிலுமாக அந்த வரிசை போகும்போது பஸ்காரன் ஹாரன் அடிக்காமல் நின்றான். வழியில் உள்ள வீட்டுக்காரிகள், பென்சில் சாயங்காலம் வரை பள்ளிக்கூடத்தில்தானே இருக்கும் என்று அதில் துணி காயப்போடாமல் விட்டார்களே தவிர, சனிக்கிழமைகளில் விடவில்லை. சீவல் பூப்பூவாகக் கூடை நிறைய விழுந்தது. பென்சில் சீவலைப் பாலில் ஊறவைத்தால் ரப்பர் ஆகும் என்று ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியுமாதலால் அந்த மாதம் முத்தந்துறையில் பல வீடுகளில் காப்பிக்குப் பால் இல்லை. ரப்பரும் ஆகவில்லை.

டிசம்பரில் கொடியேற்றத்துக்கு முந்தின நாள் கோவில் கொடிமரம் முறிந்தபோது பங்குச் சாமியாரே வீடு தேடி வந்தார்.

"ஒரு பத்து நாளைக்குக் குடுத்தா போதும், கிளாடிஸ்."

"அவளுக்கு ஹோம்ஒர்க் இருக்கே, ஃபாதர்."

"கொடிமரத்தடியில உக்காந்து எழுதட்டும். முனை கீழதானே இருக்கும்."

அப்படியே நடந்தது. மாதாவின் கொடி, கரும்புபோல வளைந்து வளைந்து ஆடும் சிவப்புக் கறுப்புக் கோடு போட்ட மரத்தின் உச்சியில் பறந்தது, கீழே மெர்லின் கூட்டல் கணக்குப் போடும்போதெல்லாம் கொடி தலையை ஆட்டியது, மாதா நம் ஜெபத்துக்குச் சம்மதம் சொல்கிறாள் என்று பக்கத்து ஊர்களிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள்.

பள்ளிக்கூடத்தில்தான் கொஞ்சம் ஏற்பாடு தேவைப்பட்டது. மெர்லினை ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் ஓரமாக உட்காரவைத்தார்கள், பென்சில் நாலு பெஞ்சுக்கு மேலாகப் போய் ஜன்னல் கம்பியில் சாய்ந்து, முற்றத்தைக் கடந்து, வாதுமை மரத்துக் கவையில் ஒரு தடவை தங்கி, மதிலைத் தாண்டித் தெருவுக்குப் போனது. உள்ளே மெர்லின் ஒரு எழுத்து எழுதினால் வெளியே வால் அதே எழுத்தைக் கோழிக்கூண்டு அளவுக்குப் பெரிதாகக் காற்றில் எழுதியது. மதில் நிழலில் சட்டியை இறக்கிவைத்து வெற்றிலை போடும் மீன்காரப் பெண்கள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு ஈர்க்குச்சியால் மணலில் கூடவே எழுத ஆரம்பித்தார்கள், ஜனவரிக்குள் பதினோரு பேருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்துவிட்டது. ஜன்னல் கம்பியில் சாய்ந்து ஆடியதால் வால் எழுதியதெல்லாம் தலைகீழாக இருந்தது. ஆகவே அவர்கள் கற்றதும் தலைகீழாகத்தான், இன்றைக்கும் முத்தந்துறைக் கூட்டுறவுச் சங்கத்தில் அந்தப் பதினோரு பேரும் தாளைத் திருப்பிவைத்துக்கொண்டுதான் கையெழுத்துப் போடுகிறார்கள், சங்கத்தில் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

கற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. மெர்லின் கணக்கில் தப்புச் செய்தால் தெருவிலிருந்து சத்தம் வந்தது.

"ஏட்டி மெர்லின், எட்டேழு அம்பத்தாறு. அம்பத்திநாலுன்னா எழுதியிருக்க?"

"சும்மா கிட சலேத்து, பிள்ள தானா யோசிக்கட்டும்."

"யோசிச்சு யோசிச்சு மீனு நாறிப்போவும்."

பெர்னதெத் மிஸ் எழுந்து போய் ஜன்னலருகே நின்று தெருவைப் பார்ப்பார். தெரு வாயில் விரலை வைத்துக்கொள்ளும்.

ஜனவரி கடைசியில் நாற்பது பேரும் பேனா வரிசைக்குப் போய்விட்டார்கள். பென்சில் வரிசையில் மெர்லின் மட்டும். அவள் பெயர் அப்போது மாதாங்கோவில் முக்கில் இருந்தது. பரீட்சைக்கு ஆறு வாரம்.

வீட்டில் யோசனைகள் வந்தன. அருள்சீலன் ரம்பத்தால் அறுத்துவிடலாம் என்றான்.

"ஒடிச்சது கணக்குல சேராது."

"சீவாம விட்டுரு."

"மொட்டையாவா கொண்டுபோவா?"

"அப்ப மிஸ்கிட்டப் போய்ப் பேசு."

அதற்குக் கிளாடிஸுக்கு எட்டு நாள் ஆனது. எட்டாம் நாள் மெர்லின் சாப்பிடும்போது, "அம்மா, அடுத்த வருஷமும் நான் நாலாம் கிளாஸ்னா என் கூட்டாளிங்க எல்லாம் மேல் மாடிக்குப் போயிருவாங்கல்ல" என்று, கேள்விபோலவும் இல்லாமல் சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனாள். அன்று சாயங்காலம் கிளாடிஸ் நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, வழியில் மூன்று தரம் திரும்பிவிட நினைத்து, மூன்று தரமும் பின்னால் நடந்து வந்த சலேத்தம்மாள் வழியை மறித்ததால் முன்னே போய், நாலாம் வகுப்பு வாசலில் நின்றாள். நின்றதும் கைகள் தாமாக முதுகுக்குப் பின்னால் போயின.

பெர்னதெத் மிஸ் நோட்டு திருத்திக்கொண்டிருந்தார். தலைமுடி முழுக்க வெள்ளை. ஸ்கேல் மேசை மேல்தான் இருந்தது.

"கிளாடிஸ் எஸ். ரோல் நம்பர் பதினாறு" என்றார் நிமிராமல். "உள்ளே வா. கையை முன்னால வை."

வைத்தாள்.

"மெர்லின் அம்மாவாத்தானே வந்திருக்க. அப்புறம் என்ன, உட்காரு."

நாலாம் வகுப்பு பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தாள். "மிஸ், பென்சில் முடிய மாட்டேங்குது மிஸ். சீவச் சீவ வளருது. இந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் பேனா குடுத்திருங்க மிஸ்."

"பென்சில் முடியாம பேனா கிடையாது. மதருக்கும் அதைத்தான் சொன்னேன், பங்குச் சாமியாருக்கும் அதைத்தான் சொன்னேன்." ஒரு நோட்டை மூடி அடுத்ததைத் திறந்தார். "யாரு சீவுறது?"

"நான்தான் மிஸ்."

"பென்சில் யாரோடது?"

"மெர்லினோடது மிஸ்."

"அப்ப நீ எதுக்குச் சீவுற?"

"உங்க கையில குத்தணும்ல மிஸ். குத்தலைன்னா அடிப்பீங்கள்ல."

மிஸ் சிவப்பு மைப்பேனாவைக் கீழே வைத்தார். இடது கையை நீட்டி, ஜாக்கெட் கையைக் கொஞ்சம் ஏற்றி, மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார். வயதான தோல், பச்சை நரம்பு, ஒரு புள்ளி கிடையாது.

"எனக்குச் சுகர் வந்து பதினெட்டு வருஷமாச்சு. நீ ஆறாம் கிளாஸ் போன வருஷமே நிறுத்திட்டேன். குத்தினா ஆறாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு." மேசையைக் காட்டி, "ஸ்கேல் இப்ப கோடு போடத்தான்" என்றார். "மெர்லின் உங்கிட்டச் சொல்லலையா?"

"தினமும் சொன்னா மிஸ்."

"நீ?"

கிளாடிஸ் தன் மணிக்கட்டைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். அதில் ஜூன் முதல் அன்று காலை வரை, லீவு நாள் நீங்கலாக, நாளுக்கு ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. மிஸ் பார்த்துவிட்டார். டிராயரிலிருந்து களிம்பு ட்யூப் ஒன்றை எடுத்துப் பெஞ்சு வரை உருட்டிவிட்டார்.

"அவளே சீவட்டும். பெயர் மட்டும் மிஞ்சின அன்னைக்குக் கொண்டுவரச் சொல்லு. போகும்போது கதவைச் சாத்திட்டுப் போ, சாயங்காலம் காக்கா வருது."

மறுநாள் காலை ஏழேகாலுக்குப் பின்வாசற்படியில் மெர்லின் உட்கார்ந்தாள். கிளாடிஸ் இரண்டு கைகளையும் தன் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். பிளேடு வேண்டாம், ஷார்ப்னர் போதும் என்று மட்டும் பேசி முடித்திருந்தார்கள். மெர்லின் திருகினாள். முனை ஒடிந்தது. கிளாடிஸின் கைகள் தொடைக்கு அடியிலிருந்து வெளியே வரப் பார்த்தன. மறுபடி திருகினாள், மறுபடி ஒடிந்தது, ஷார்ப்னரின் ஓட்டையில் கரி அடைத்துக்கொண்டது, ஊக்கால் நோண்டி எடுத்தாள், விரலெல்லாம் கறுப்பு, மூக்கெல்லாம் கறுப்பு. மூன்றாம் தரம் ஒடிந்தபோது மாதாங்கோவில் முக்கிலிருந்து சலேத்தம்மாளின் குரல் தெரு தெருவாகக் கைமாறி வந்து சேர்ந்தது.

"ஒரு அடி உள்ள போயிட்டாம்."

"என்னது?"

"வாலு. ஒரு அடி உள்ள இழுத்துக்கிட்டாம்."

மெர்லின் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கைகளின் மேல் இன்னும் அழுத்தி உட்கார்ந்தாள்.

அன்று மெர்லின் மொட்டையும் இல்லாத கூரும் இல்லாத ஒரு முனையோடு, வாழ்நாளில் முதல் தடவையாக லேட்டாகப் பள்ளிக்கூடம் போனாள். போன பிள்ளை திரும்பி வரும்வரை கிளாடிஸ் வீட்டைப் பெருக்கினாள், பெருக்கிய வீட்டையே மறுபடி பெருக்கினாள். நாலு மணிக்கு மெர்லின் வந்து, "மிஸ் ஒண்ணும் சொல்லலம்மா, லேட்டுக்கு மட்டும் ஒரு பத்து நிமிஷம் வெளிய நின்னேன், அங்க நின்னா காத்து நல்லா வருது" என்றாள்.

ஊருக்குத்தான் கஷ்டமாகிவிட்டது. பென்சில் நாளுக்கு இரண்டு வீடு குறைந்தது. மீன்காரப் பெண்கள் ஒரு கூட்டமாக வந்து நின்றார்கள்.

"ஏட்டி மெர்லின், எங்களுக்கு ஏழாம் வாய்ப்பாடுதான் முடிஞ்சிருக்கு. கொஞ்சம் மெதுவா சீவப்படாதா?"

"எனக்குப் பேனா வேணும் அத்தை."

"பேனாவுக்கு வாலு உண்டா? அதுல எழுதினா எங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

மெர்லின் யோசித்தாள். அந்த வயதில் அவளுக்கு யோசிக்கும்போது நாக்கு வெளியே வரும். பிறகு, வால் மதிலைத் தாண்டியிருக்கும் வரைக்கும் இடைவேளையிலும் எழுதுவதாக ஒப்புக்கொண்டாள். ஒன்பது நாள் அவள் விளையாடப் போகவில்லை. எட்டாம் வாய்ப்பாடு, ஒன்பது, பத்து, பிறகு பன்னிரண்டு, பதினாறு வரை வால் காற்றில் பறந்து பறந்து எழுதியது, தெரு முழுக்க மணலில் தலைகீழ் எண்கள். பதினாறாம் வாய்ப்பாட்டின் கடைசி வரியை எழுதும்போது வால் மதிலின் கண்ணாடிச் சில்லுக்கு உள்ளே இறங்கிவிட்டது, கடைசி விடையைச் சலேத்தம்மாள் குதித்துப் பார்த்துத்தான் எழுதிக்கொண்டாள்.

பிறகு அது முற்றத்துப் பென்சில், பிறகு வகுப்புப் பென்சில், பிறகு குடை, பிறகு முழங்கை, பிறகு டப்பாவுக்குள் அடங்கும் சாதாரணப் பென்சில். ஊர் தன் துணிகளைக் கயிற்றில் காயப்போட்டது. கோவிலுக்குப் புது இரும்புக் கொடிமரம் வந்தது, அது எதற்கும் தலையாட்டுவதில்லை என்று சாமியாருக்கு ஒரு குறை. கிளாடிஸ் ஒவ்வொரு காலையும் கைகளின் மேல் உட்கார்ந்தாள், மார்ச் பிறந்தபோது ஒரு கையின் மேல் மட்டும் உட்கார்ந்து, மறுகையால் இட்லிக்குச் சட்னி தாளிக்கும் அளவுக்கு வந்திருந்தாள்.

பரீட்சைக்கு நாலு நாள் இருக்கும்போது, மெர்லின் என்ற பெயர் மட்டும் மெர்லினின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருந்தது. டப்பாவில் டங் என்ற சத்தம் கேட்டது. நாற்பது பேர் கைதட்டினார்கள், தெருவில் பதினோரு பேர் கைதட்டினார்கள், பெர்னதெத் மிஸ் டிராயரைத் திறந்தார்.

சாயங்காலம் மெர்லின் ஓடிவந்தாள். வெள்ளைச் சட்டையில் பாக்கெட் இருக்கும் இடம் முழுக்க நீலம், உதட்டில் நீலம், இரண்டு காதும் எப்படியோ நீலம். "அம்மா, எழுத மாட்டேங்குது" என்று பேனாவை நீட்டினாள். "மை இருக்கு, ஆனா வர மாட்டேங்குது. பரீட்சை அன்னைக்கு இப்பிடி ஆச்சுன்னா?"

கிளாடிஸின் கை நீண்டது. பேனாவை வாங்கி, மூடி திறந்து, நிப்பைத் துடைத்து, முனையைத் தன் மணிக்கட்டில் வைத்துப் பார்க்கப் போன கை, பாதி வழியில் நின்றது. பேனாவை மகளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தக் கையை அவள் மெல்லக் கொண்டுபோய் மகளின் தலையில் வைத்தாள்.

"உதறிப் பாரு" என்றாள்.

"எங்க உதற? சுவர்ல படும்."

"படட்டும்."

"உங்க நைட்டியில படும்."

"நீ உதறு."

மெர்லின் இரண்டடி பின்னால் போய், நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, தன் பலம் முழுவதையும் சேர்த்து உதறினாள். மை சுவரில் பட்டது, காலண்டரில் பட்டது, கிளாடிஸின் நைட்டியில் தோளிலிருந்து இடுப்பு வரை பட்டது, நெற்றியிலும் மூக்கிலும் பட்டது, கண்ணில் படப் போகிறது என்று தெரிந்தும் அவள் கண்ணை மூடவில்லை.

"மை வந்திட்டாட்டி?" என்று கேட்டாள்.

மெர்லின் தன் உள்ளங்கையிலேயே எழுதிப் பார்த்தாள். வந்துவிட்டது.